அம்பாசிடருக்கு எந்த ரேடியேட்டர்?

1998 அம்பாசிடர், 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் என்ஜின், ஏசி இல்லை. ஊர் கோவை. சமவெளியில் ஒரு குறையும் இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் மலைப்பாதையின் பர்லியாறு ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு வந்ததும் வெப்பமானி முள் சிவப்பை நெருங்கிவிடுகிறது. கோடையில் தொடங்கியது, மழையிலும் நிற்கவில்லை.

தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, ஃபேன் பெல்ட் எல்லாம் புதிது. வாட்டர் பம்ப் ஒழுகவில்லை. ரேடியேட்டர் தண்ணீரில் குமிழியோ எண்ணெயோ இல்லை, அதனால் என்ஜினுக்குள் கசிவு இருப்பதாகத் தெரியவில்லை. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியும் பார்த்தாயிற்று. அடிப்பக்கத் தகடுகள் விரல் பட்டாலே பச்சைப் பொடியாக உதிர்கின்றன. இனி பற்றவைத்து ஒப்பேற்ற முடியாது.

கடைக்காரரோ டீசல் வண்டியின் ரேடியேட்டரை நீட்டி, "எல்லாம் ஒன்றுதான் சார்" என்கிறார். குழாய் வாய்கள் இடம் மாறியிருப்பது கண்ணுக்கே தெரிகிறது!

பழைய ரேடியேட்டரின் மேல், கீழ்த் தொட்டிகளை வைத்துக்கொண்டே நடுவில் நான்கு வரிசைச் செம்புக் கோர் (தண்ணீரைக் குளிர்விக்கும் குழாய்-தகட்டுப் பகுதி) போடுவதா, புதிய அலுமினிய ரேடியேட்டர் வாங்குவதா: இந்த என்ஜினோடு மலையேறியவர்களே, எது தாங்கியது?