குரங்கு வருமுன்பே தோற்றிருந்தேன்: ஒரு 21–61 சீசனின் கதை

கொழும்பு 6:

2025 சீசனில் என்னுடைய கணினிக் கூடைப்பந்து அணி 82 ஆட்டங்களில் 21 வென்றது, 61 தோற்றது. முப்பது அணிகளில் முப்பதாவது இடம். "எப்படித் தோற்றாய் என்று ஒழுங்காக எழுது, பிறகு நாங்களும் எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டுகிறோம்" என்று எல்லாரும் ஆக்கினைப்படுத்தியதால் எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம். நாங்கள் எட்டுப் பேர், பெரும்பாலும் இருக்கும் இடத்தின் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வோம். விளையாடுவது பாஸ்கட்போல் ஜிஎம், பிரவுசரில் இலவசமாக ஓடுவது. மைதானத்தில் ஓடி வியர்ப்பவர் யாரும் இல்லை. வீரர்கள்கூடக் கணினி பெற்றுப்போட்ட பிள்ளைகள்தான். நாங்கள் முகாமையாளர்கள். ஆளை வாங்கலாம், விற்கலாம், யாரை முதல் ஐவரில் இறக்குவது என்று தீர்மானிக்கலாம், சம்பள உச்சவரம்போடு மல்லுக்கட்டலாம். மிச்சமெல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் நண்பன் ஒருவனின் அனெக்ஸ் இருக்கிறது. அங்கே ஒரு மேசைக் கணினி, ஞாயிறு காலை கூட்டம், நான்கைந்து ஆட்டம், இடையில் பிளேன்ரீ. ரயில் போனால் திரையும் சேர்ந்து ஆடும்.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது கிளீவ்லாந்து. அந்த விளையாட்டில் கிளீவ்லாந்து அணியின் பெயரே 'சாபங்கள்'. பெயரை மாற்றலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று நான் பெரிய ஆள்மாதிரிச் சிரித்தேன்.

ஆளணி ஒன்றும் மோசமில்லை. ஏழடி உயரத்தில் ஒரு சென்டர் இருந்தான். அவனுக்குத் 'தர்ஜினி' என்று பட்டம் வைத்தோம், எங்கள் இலங்கை வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தின் ஞாபகமாக. 27 வயதில் ஒரு பொயின்ட் கார்ட் இருந்தான். பந்து கடத்துவதில் கெட்டிக்காரன், ஆனால் புள்ளி அதிகம் எடுக்கமாட்டான். மற்றவர்கள் ஏனோ தானோ. டிசம்பரில் தொடங்கினோம். மூன்று ஞாயிறுகள் போனதும் 3–11.

இங்கேதான் என் கை அரித்தது. நத்தாருக்கு முந்திய ஞாயிறு அது, தேதி 22. கொழும்பு 13 என் காதுக்குள் வந்து, "மச்சான், உனக்குப் புள்ளி எடுக்க ஆளில்லை, அதுதான் பிரச்சினை" என்றான். 33 வயது ஆட்டக்காரன் ஒருவனை நீட்டினான். ஆட்டத்துக்கு 24 புள்ளி எடுப்பவன், ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம். பதிலுக்குக் கேட்டது என் பொயின்ட் கார்டையும், வரப்போகும் ட்ராஃப்ட்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்வது) என் முதற் சுற்றுத் தெரிவையும். பத்து நிமிடத்தில் சரி சொல்லிவிட்டேன். பத்து நிமிடம்கூட இராது, ரீ ஆறவில்லை.

சீசன் முடியும்வரை நான் அந்த வியாபாரத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. எனக்கு வேறு காரணங்கள் இருந்தன. அதில் முதலாவது குரங்கு.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. லீக்கின் முன்னணி அணியோடு எனக்கு ஆட்டம். நேரடியாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் கால்பகுதியில் நான் 11 புள்ளி முன்னால். எழும்பி நின்று கத்திக்கொண்டிருந்தேன். பதினொரு மணி கடந்திருக்கும், பட்டென்று திரை கறுத்தது. மின்விசிறி நின்றது. பக்கத்து வீட்டிலும் இல்லை, காலி வீதியிலும் இல்லை, கடைசியில் பார்த்தால் நாட்டிலேயே இல்லை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாக அமைச்சர் சொன்னார். பின்னேரம் மின்சாரம் வந்து கணினியைத் திறந்தால் நான் 4 புள்ளியால் தோற்றிருந்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் குரங்கைத் திட்டாமல் நான் கதிரையில் உட்கார்ந்ததில்லை. அதோடு அணியின் உற்சாகமே போய்விட்டது என்றுகூடச் சொன்னேன். உற்சாகம்! எண்களாலான பிள்ளைகளுக்கு! ஏப்ரலில்தான் கணினிக்காரன் விளக்கினான். நேரடி ஒளிபரப்புப் போலத் திரையில் ஓடுவது, ஏற்கெனவே கணக்கிட்டு முடித்த ஆட்டத்தின் விவரணம். பொத்தானை அழுத்திய கணத்திலேயே முடிவு எழுதியாயிற்று. குரங்கு கம்பியில் கால் வைக்குமுன்பே நான் தோற்றாயிற்று.

சரி, குரங்கை விடுதலை செய்தேன். அடுத்தது அதிர்ஷ்டம். நெருங்கிய ஆட்டங்கள் எல்லாம் எனக்கு எதிராகவே முடிந்தன என்று ஒரு முறைப்பாடு வைத்திருந்தேன். இதைக் கணக்குப் பார்க்க ஒரு சுலப வழி உண்டு. 82 ஆட்டச் சீசனில், சராசரிப் புள்ளி வித்தியாசத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறக்குறைய 2.7 வெற்றி என்று வைத்துக்கொள்வார்கள். சமநிலை அணிக்கு 41 வெற்றி. நான் ஆட்டத்துக்குச் சராசரி 5.2 புள்ளி பின்னால் நின்றேன். 5.2ஐ 2.7ஆல் பெருக்கினால் 14. 41இல் 14 போனால் 27. அதாவது ராசி சரியாக இருந்திருந்தால் நான் 27 வென்றிருப்பேன். ஆறு ஆட்டம் அதிர்ஷ்டம் தின்றது, உண்மை. ஆனால் 27 வென்றவனுக்கும் பிளேஓஃப் என்ற கிண்ணச் சுற்றின் வாசல் திறக்காது.

அப்புறம்தான் வேண்டாவெறுப்பாக நான்கு காரணிகளைத் திறந்தேன். டீன் ஒலிவர் என்ற புள்ளிவிவரக்காரர் வகுத்தது. எறிகிற பந்து எவ்வளவு விழுகிறது என்பதற்கு ஏறக்குறைய 40 வீதம், பந்தைப் பறிகொடுப்பதற்கு 25, தவறிய எறிகையின் பந்தைப் பிடிக்கும் மீள்பந்துக்கு 20, இலவச எறிகைக்கு 15 என்று வெற்றியில் பங்கு பிரித்தார். மீள்பந்தில் நான் லீக்கில் மூன்றாவது, தர்ஜினியின் புண்ணியம். இலவச எறிகை நடுத்தரம். பறிகொடுப்பதில் கடைசி. கொஞ்சநஞ்சம் அல்ல, கடைசிக்கு முந்தியவனுக்கும் எனக்கும் இடையில் ஒரு லொறி ஓடலாம். நத்தாருக்கு முன் நான் அந்தப் பட்டியலில் பன்னிரண்டாவது.

பந்து கடத்தத் தெரிந்த ஒரே ஆளை விற்றவன் நான். வந்த கிழவனோ கையில் கிடைத்த பந்தையெல்லாம் எறிந்தான். ஆட்டத்துக்கு 24 புள்ளி வாக்குத் தவறாமல் எடுத்தான். ஆனால் எத்தனை எறிந்து எடுத்தான் என்பதை நான் பார்க்கவே இல்லை. அந்த விளையாட்டில் ஒவ்வொருவன் பெயருக்கும் பக்கத்தில் அவனுடைய திறமைக்குச் சின்னச் சின்ன எழுத்துகள் இருக்கும். திறமைகள் ஒன்றோடொன்று பொருந்தினால் அணி தன் மொத்தத்தைவிட மேலே போகும். என் அணியில் கடத்துபவன் எழுத்து ஒருவனிடமும் இல்லை. 68 ஆட்டம் அப்படியே ஓட்டியிருக்கிறேன்.

மே 12 வெசாக் அன்று, யாருக்கு முதலாம் தெரிவு என்று பார்க்கும் எங்கள் ட்ராஃப்ட் குலுக்கல். அது பெரிய கதை. அதைக் கொழும்பு 13 சொல்லட்டும், தெரிவு அவனுடையதுதானே.

கொழும்பு 13:

சொல்கிறேன். கடைசி இடக்காரனின் தெரிவைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெசாக் கூடு பார்க்கக்கூடப் போகவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ 2019இல் கொண்டுவந்த முறைதான் எங்களுக்கும். கடைசி மூன்று அணிகளுக்கும் முதலாம் தெரிவுக்கு ஆளுக்கு 14 வீதம். முன்பு கடைசி அணிக்கு மட்டும் 25 வீதம் இருந்தது. வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்றுதான் குறைத்தார்கள். எவ்வளவு கெட்டுப்போனாலும் கடைசி அணி ஐந்தாம் இடத்துக்குக் கீழே விழாது. விழுந்தது எது? ஐந்து! சாபம் தெரிவோடு சேர்ந்து என் வீட்டுக்கு வந்துவிட்டது.

விடிய 4.30க்கு எழும்பி, சிக்காகோவில் நடந்த என்பிஏயின் சொந்தக் குலுக்கலைப் பார்த்தேன். யூட்டா 17–65, லீக்கிலேயே மோசம், அவர்களும் ஐந்து. வெறும் 1.8 வீத வாய்ப்போடு இருந்த டலஸுக்கு முதலாவது. பெப்ரவரியில் தங்கள் நட்சத்திரம் லூகா டொன்சிச்சை விற்றுவிட்டு ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிய அதே டலஸ்! உடனே இவனுக்கு அழைத்து, "உன்ர சாபம் சிக்காகோ வரைக்கும் போட்டுது" என்றேன். நித்திரைக் குரலில் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான்.

தோற்கவும் ராசி வேண்டும் என்று நான் நம்பத் தொடங்கியது அன்றல்ல. 2011–12இல் மைக்கல் ஜோர்டான் சொந்தக்காரராக இருந்த சார்லட் அணி, சுருக்கப்பட்ட 66 ஆட்டச் சீசனில் 7 வென்று 59 தோற்றது. அப்போது 25 வீத வாய்ப்பு இருந்தும் முதலாம் தெரிவு நியூ ஒர்லியன்ஸுக்குப் போய், எல்லாரும் ஆசைப்பட்ட அந்தனி டேவிஸும் அங்கே போனார். 2023–24இல் டிட்ரொயிட் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்றது, மொத்தம் 14–68, அவர்களுக்கும் ஐந்தாம் தெரிவுதான். இதையெல்லாம் தெரிந்துகொண்டும் அந்தத் தெரிவை ஆசைப்பட்டு வாங்கினேன் பாருங்கள்.

என் சொந்த அணியோ மூன்று வருடமாகத் திரிசங்கு சொர்க்கம். ஒன்பதாவது, பத்தாவது, ஒன்பதாவது. நல்ல பிள்ளையும் கிடைக்காது, கிண்ணமும் கிடைக்காது. கடைசியில் வருபவனுக்குச் சொல்ல ஒரு கதையாவது இருக்கிறது.

கொழும்பு 4:

தம்பி, நான் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், கோபிக்கக்கூடாது. நான் பாடசாலையில் ஐந்து வருடம் வலைப்பந்து ஆடியவள். உங்கள் கூட்டத்தில் உண்மையான பந்தைத் தொட்ட ஒரே ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

சென்டருக்குத் தர்ஜினி என்று பெயர் வைத்தீர்கள், சந்தோஷம். 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்றபோது எல்லாரும் அவவின் உயரத்தைத்தான் கதைத்தார்கள். ஆனால் வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது, மூன்று செக்கனுக்குள் கைமாற்ற வேண்டும், கோல் போட உரிமை உள்ளவர்கள் இரண்டே பேர். வட்டத்தின் விளிம்பில் நிற்கிற பிள்ளை, எதிராளியின் விரலுக்கு மேலாலும் தர்ஜினியின் விரலுக்குக் கீழாலும் பந்தை அனுப்பினால்தான் அந்த உயரத்துக்கு வேலை. நான் அந்த விளிம்புப் பிள்ளை. ஐந்து வருடத்தில் ஒருநாளும் என் பெயர் ஒலிபெருக்கியில் வந்ததில்லை. காய்ச்சலில் படுத்த அன்று மட்டும் எங்கள் அணி அரைவாசிக் கோலோடு வீடு வந்தது, அதை மட்டும் பயிற்சியாளர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நீர் விற்றது என்னைப் போன்ற ஒரு ஆளை. அன்றைக்கே சொல்ல நினைத்தேன். ஆனால் உங்கள் ஆண்பிள்ளைகளின் வியாபாரப் பேச்சுக்குள் வாய் வைத்தால், "அக்கா, இது வேற விளையாட்டு" என்பீர்கள். 2023இல் ஒருதரம் சொன்னீர்கள்தானே.

எனக்கும் ஒரு கேவலமான சீசன் உண்டு, மறைப்பானேன். கடைசி ஐந்து கதிரைக்கும் நல்ல ஆள் வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கினேன். வீட்டில் மளிகைச் சாமான் வாங்குகிற புத்தி, ஒன்றும் குறையக்கூடாது. அந்த விளையாட்டில் அணியின் பலத்தைக் கணக்கிடும்போது முதலாம் ஆளுக்குத்தான் பாரம் அதிகம், போகப் போகக் குறைந்து, பத்தாம் ஆளுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. பத்தாம் ஆள் லீக்கிலேயே சிறந்த பத்தாம் ஆள் என்று பெருமைப்பட்டுக்கொண்டு 25 வென்றேன்.

தெஹிவளை:

என் கதை சின்னது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு இருந்ததே, அந்தக் கிழமை என் ட்ராஃப்ட். கைத்தொலைபேசியில் 4 வீதம். "உயரமான ஆளை எடு" என்று கணினிக்காரனுக்கு வட்ஸ்அப் போட்டேன், போகவில்லை. கணினி தானாக ஒருவனைத் தெரிவுசெய்தது. அவன்தான் இப்போது என் அணியின் சிறந்த ஆட்டக்காரன். நானாக இருந்திருந்தால் அவனை எடுத்திருக்கவே மாட்டேன், ஆள் குட்டை.

கணினிக்காரன்:

மின்சாரம் போனாலும் கணினியை அணையாமல் வைக்கும் யூபிஎஸ் வாங்க வேண்டும் என்று 2022இலிருந்து சொல்கிறேன். ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தேன், இரண்டு பேர்தான் தந்தார்கள். பெயர் சொல்லவில்லை, 21 வென்றவர் அந்த இருவரில் இல்லை.

கொழும்பு 6:

யூபிஎஸ் காசு இந்த ஞாயிறு தருகிறேன்.

அக்கா, நீங்கள் சொன்னது மண்டையில் ஏறியது. 2023இல் அப்படிச் சொன்னது நான்தான், மன்னிக்க வேண்டும். ஒன்று மட்டும்: அன்றைக்கே சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். கடைசி ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனபோது அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆரோ ஓடி ஆரோ தோத்ததுக்கு உனக்கேன் சோறு இறங்கேல்லை?" என்றா. ஓடவும் இல்லை அம்மா என்று விளக்கப்போய் இன்னும் மோசமாயிற்று.

சீசன் மாறும்போது வீரர்களின் தரமும் மாறுமல்லவா? கிழவனுக்கு 34 ஆயிற்று, தரம் ஆறு குறைந்தது. சம்பளம் அப்படியே. யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள், பேசித் தீர்க்கலாம்.

இன்னொரு விஷயம். பழைய பொயின்ட் கார்டைத் திருப்பித் தருவாயா என்று நேற்று கொழும்பு 13இடம் கேட்டேன். தருவானாம். விலை, என் அடுத்த வருட முதற் சுற்றுத் தெரிவு. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அக்கா, ஏசுவதென்றால் ஞாயிறுக்கு முதல் ஏசிவிடுங்கள்.