ஸ்டீம் டெக் 64 ஜிபி: கேம் அழிச்சும் இடம் காலியாகலையே?

வேளச்சேரி_வாசு:
என்னோட ஸ்டீம் டெக்கில் (கையடக்க கேமிங் கம்ப்யூட்டர்) கேம் எல்லாம் எஸ்டி கார்டில்தான் இருக்கு. நாலஞ்சு கேமை அழிச்சாச்சு. ஆனா உள் நினைவகத்தில் ‘மற்றவை’ மட்டும் 30 ஜிபியைத் தாண்டி நிற்குது. எங்கே போய் அடைச்சிருக்கு?

பெரம்பூர்_பிக்சல்:
ரெண்டு ஃபோல்டர்தான் காரணம் ப்ரோ: ஷேடர்கேஷ் (கிராஃபிக்ஸுக்காக முன்கூட்டியே சேமிச்ச கோப்புகள்), காம்பட்டேட்டா (விண்டோஸ் கேம்களை டெக்கில் ஓட்டத் தேவையான கோப்புகள்). டெஸ்க்டாப் மோடுக்குப் போய் டால்ஃபினை (அதோட ஃபைல் மேனேஜர்) திறங்க, கன்ட்ரோல்-எச் அழுத்தினா மறைஞ்ச ஃபோல்டர்கள் தெரியும். டாட்-லோக்கல், ஷேர், ஸ்டீம், ஸ்டீம்ஆப்ஸ்னு உள்ளே போங்க. அந்த ரெண்டுக்குள்ளும் ஃபோல்டர் பேரெல்லாம் எண்ணா இருக்கும். ஒவ்வொரு எண்ணும் ஒரு கேமோட ஆப் ஐடி, அதாவது ஸ்டீமில் அதோட அடையாள எண். ரொம்ப நீளமான எண்ணுன்னா ஸ்டீமுக்கு வெளியிலிருந்து நீங்க சேர்த்த கேம். ஷார்ட்கட்டை நீக்கினாலும் அந்த ஃபோல்டர் அப்படியே கிடக்கும்.

ஷேடர்கேஷை அழிச்சா பெரிய நஷ்டம் இல்ல, மறுபடி உருவாகும். கேம் முதல்ல கொஞ்சம் திக்கும், அவ்வளவுதான்.

மயிலை_மாறன்:
காம்பட்டேட்டாவில் மட்டும் கை வைக்கும் முன் நிதானம் தேவை. கிளவுட் சேவ் (ஆன்லைன் நகல்) இல்லாத விண்டோஸ் கேமோட சேவ் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், இந்த வழியில்: பிஎஃப்எக்ஸ், டிரைவ்_சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர். டாக்குமென்ட்ஸ், ஆப்டேட்டா உட்பட அந்த ஸ்டீம்யூசர் ஃபோல்டரை முழுசா நகலெடுத்துட்டு அழிங்க. குப்பைத்தொட்டியைக் காலி பண்ணலேன்னா ஒரு எம்பி கூட திரும்ப வராது. பாதி பேர் மாட்டுறது இங்கேதான்.

பெரம்பூர்_பிக்சல்:
இடம் போதாம ரிச்சி ஸ்ட்ரீட்டில் (சென்னை எலெக்ட்ரானிக்ஸ் சந்தை) புது எஸ்டி கார்டு வாங்கினா, டெக்கில் ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூங்கிற கார்டு சோதனை மென்பொருளை ஓட்டிடுங்க. போலி கார்டு 512 ஜிபின்னு காட்டும். நிஜ அளவு நிரம்பினதும் கோப்புகளைக் கெடுக்கும். டெக் ஃபார்மட் பண்ணினா லினக்ஸோட எக்ஸ்ட்4 ஃபார்மட் ஆயிடும், அப்புறம் விண்டோஸ் அதை நேரா படிக்காது.