எட்டு மாதம் கிடந்த சிஆர் ஷீட்: பிரஸ் அடித்தால் தீநாக்கு மாதிரி கோடு விழுகிறது, உதவி தேவை

அம்பத்தூர் பிரஸ்ஷாப்
வணக்கம். 0.8 மிமீ சிஆர் ஷீட்டில் (குளிர்நிலையில் உருட்டிய உருக்குத் தகடு) ஸ்விட்ச்போர்டு பெட்டிக்கு மூடி அடிக்கிறோம். ட்ரா ஆழம், அதாவது தகடு அச்சுக்குள் இழுபடும் ஆழம், 12 மிமீதான். போன ஐப்பசியில் அடித்த மூடிகள் கண்ணாடி மாதிரி வந்தன. அந்தக் காயிலில் (தகட்டுச் சுருளில்) மிஞ்சியதை பிளாங்காக, அதாவது அடிப்பதற்கான துண்டுகளாக வெட்டி, தகரக் கூரை போட்ட கோடவுனில் அடுக்கி வைத்திருந்தோம். இப்போது ஆனி மாதம் எடுத்து அடித்தால் மேல்முகம் முழுக்கக் கிளை கிளையாகக் கோடுகள். மூலையிலும் பக்கச்சுவரிலும் ஒன்றுமில்லை. ஆயில் ஸ்டோனால் லேசாகத் தேய்த்தால் மேடான இடம் மட்டும் பளபளக்கிறது, கோடு மங்கலாகவே நிற்கிறது. பவுடர் கோட்டிங் போட்டும் மறையவில்லை. டியூப் லைட் சாய்வாகப் பட்டால் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

டையை (அச்சை) இறக்கி பாலிஷ் போட்டோம். ஆயில் மாற்றினோம். பிளாங்கின் ஓரத்தைப் பிடிக்கும் பிளாங்க் ஹோல்டரின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டோம். இன்னும் 600 பிளாங்க் இருக்கிறது. தூக்கிப் போட மனசில்லை.

டூல்ரூம் கோவை
கோடு எல்லா மூடியிலும் ஒரே இடத்தில் விழுகிறதா? அப்படியானால் டைதான் காரணம்.

அம்பத்தூர் பிரஸ்ஷாப்
இல்லை அண்ணா, ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடம்.

உலோகப் பரிசோதகர்
அப்படியென்றால் டையை விட்டுவிடுங்கள். மாறியது ஷீட். இது லூடர்ஸ் கோடு. ஷீட் கிடந்த இடத்திலேயே முதிர்ந்துபோயிருக்கிறது, ஸ்ட்ரெய்ன் ஏஜிங் என்பது இதுதான்.

இரும்பின் அணு அடுக்கில் டிஸ்லொகேஷன் என்று இழை போன்ற பிசகுகள் உண்டு. ஷீட் வளைவதும் இழுபடுவதும் அவை நகர்வதால்தான். உருக்கில் கரைந்து கிடக்கும் கார்பன், நைட்ரஜன் அணுக்கள் மிகச் சிறியவை. அறை வெப்பத்திலேயே மெல்ல ஊர்ந்துபோய் இந்த இழைகளில் ஒட்டி அவற்றைக் கட்டிப்போட்டுவிடும். 1949-இல் காட்ரெல்லும் பில்பியும் விளக்கியது இதைத்தான். எடையில் பத்து லட்சத்தில் சில பங்கு கார்பன் கரைந்திருந்தாலே போதும்.

மில்லில் அனீல் செய்த (சூடாக்கி இளக்கிய) ஷீட்டுக்குக் கடைசியில் ஸ்கின் பாஸ் என்று சுமார் 1% உருட்டல் கொடுப்பார்கள். அது கட்டில்லாத புது இழைகளை உண்டாக்கும். ஐப்பசியில் உங்கள் மூடி நன்றாக வந்தது அதனால்தான். எட்டு மாதத்தில் அவையும் கட்டுண்டுவிட்டன. இப்போது அந்த ஷீட்டை டென்சைல் டெஸ்ட் (இழுத்துப் பார்க்கும் சோதனை) செய்தால் விசையின் கிராஃப் ஏறி, சட்டென்று இறங்கி, கொஞ்ச தூரம் படுக்கையாக ஓடி, பிறகுதான் மறுபடி ஏறும். அந்தப் படுக்கை ஓட்டத்தில் ஷீட் ஒரே சீராக நீளாது, பட்டை பட்டையாக நீளும். உங்கள் மூடியின் மேல்முகம் ஆழமில்லாததால் கொஞ்சமாகத்தான் இழுபடுகிறது. நீண்ட பட்டை பள்ளம், நீளாத இடம் மேடு. மூலையும் சுவரும் அந்தக் கட்டத்தைத் தாண்டி நிறைய இழுபட்டுவிடுவதால் அங்கே கோடு இல்லை. நீங்கள் இந்த வித்தியாசத்தைக் கவனித்து எழுதியதுதான் என் சந்தேகத்தைத் தீர்த்தது.

தகரக் கூரையும் கெடுத்திருக்கிறது. 21 டிகிரியில் கிடப்பதைவிட 35 டிகிரியில் கிடந்தால் கார்பன் ஏறக்குறைய நான்கைந்து மடங்கு வேகமாக நகரும்.

ஓவன் ஆபரேட்டர்
பவுடர் கோட்டிங் ஓவன்தான் இருக்கிறதே, பிளாங்கை 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் இளகாதா?

உலோகப் பரிசோதகர்
தயவுசெய்து செய்யாதீர்கள். அது முதிர்வை இன்னும் முடுக்கிவிடும். காரின் வெளிப் பேனலுக்கான பேக் ஹார்டனிங் உருக்கில் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள்: பிரஸ் அடித்த பிறகு, பெயின்ட் ஓவனில் சுமார் 170 டிகிரி, 20 நிமிடம். பேனல் வலுக்கும். அடிப்பதற்கு முன்னால் அந்தச் சூடு நமக்கு எதிரி. முழுதாக அனீல் செய்தாலும் ஸ்கின் பாஸ் இல்லாவிட்டால் கோடு திரும்ப வரும்.

உங்கள் 600 பிளாங்குக்கு ரோலர் லெவலர்தான் வழி, வரிசை ரோலர்களுக்கு நடுவே ஷீட்டை விட்டு நேராக்கும் இயந்திரம் அது. ஆனால் ஷீட்டை நேராக்கினால் மட்டும் போதாது. முதல் சில ரோலர்களை இறுக்கி, ஷீட் மேலும் கீழும் நன்றாக வளையும்படி விடுங்கள். ஸ்கின் பாஸ் மாதிரி அந்த வளைவும் கட்டில்லாத இழைகளை உண்டாக்கும். லெவலரிலிருந்து வந்ததும் அன்றே அடித்துவிடுங்கள். வைத்தால் மறுபடி முதிரும்.

கால்வனைசிங் சூப்பர்வைசர்
நடுவில் வந்து ஒன்று சொல்கிறேன், எங்களிடம் இது கோடோடு நிற்கவில்லை. தடித்த பிளேட்டைக் கூர்மையாக வளைத்து பிராக்கெட் செய்து அனுப்பினார்கள். 450 டிகிரி துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுத்தோம். லாரியில் ஏற்றும்போது ஒன்று கீழே விழுந்து, வளைவிலேயே சாக்பீஸ் மாதிரி உடைந்தது. குளிர் வளைப்பில் வந்த இறுக்கமும் தொட்டியின் சூடும் சேர்ந்து அந்த இடத்தை நொறுங்கவைத்துவிட்டன. இப்போது வளைவின் உள் ஆரம் தடிமனில் மூன்று மடங்காவது இல்லாவிட்டால் வேலையையே எடுப்பதில்லை.

அம்பத்தூர் பிரஸ்ஷாப்
ஐயோ, அது பெரிய ஆபத்து சார்.

பக்கத்து ஷாப்பில் லெவலர் கேட்டு வாங்கி 50 பிளாங்க் போட்டுப் பார்த்தோம். முதலில் ரோலரை லேசாக வைத்தபோது கோடு அப்படியே இருந்தது. இறுக்கியதும் ஒரு மூடியிலும் இல்லை. மனசு நிறைந்துவிட்டது. மீதியைத் தினமும் காலையில் லெவல் செய்து மாலைக்குள் அடித்து முடிக்கிறோம். அடுத்த காயில் எந்த கிரேடு வாங்கட்டும்?

உலோகப் பரிசோதகர்
உடனுக்குடன் தீரும் வேலைக்கு சிஆர்2 கிரேடு போதும். மாதக்கணக்கில் வைப்பீர்கள் என்றால் ஐஎஸ் 513 என்ற இந்தியத் தரநிலையில் அலுமினியம் கில்டு (உருக்கும்போது அலுமினியம் சேர்த்த) சிஆர்4, இல்லாவிட்டால் ஐஎஃப் உருக்கான (தளர்ந்த கார்பன், நைட்ரஜன் இல்லாத) சிஆர்5. சிஆர்5-இல் டைட்டானியமோ நயோபியமோ கார்பனையும் நைட்ரஜனையும் பிடித்துவைத்துவிடும், ஊர்ந்துபோக ஆளிருக்காது. விலை கூடத்தான், ஆனால் 600 மூடி ரிஜெக்ட் ஆவதையும் கணக்கில் வையுங்கள்.

காயில் வந்ததும் ஒரு பட்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு மணி நேரம் போடுங்கள். சாதாரண வெப்பத்தில் சில மாதங்களில் வரும் முதிர்வு அதிலேயே வந்துவிடும். ஆறியதும் ஒரு குழாயில் சுற்றி வளையுங்கள். வழுவழுப்பாக வளைந்தால் நல்ல ஷீட், ஒடித்து ஒடித்து வைத்த மாதிரி மடிப்பு விழுந்தால் முதிரும் ஷீட்.

அம்பத்தூர் பிரஸ்ஷாப்
சிஆர்4 வந்துவிட்டது. ஒன்றரை அங்குலக் குழாயில் பழைய ஷீட்டையும் இதையும் வளைத்துப் பார்த்தோம். பழையது தட்டுத் தட்டாக மடிந்தது. புதியது கொதித்து வந்த பிறகும் குழாயோடு ஒட்டிக்கொண்டு வளைந்தது. இரண்டு பட்டையையும் பிரஸ் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன், பையன்கள் பார்க்கட்டும். ரொம்ப நன்றி சார்.