ஒரே நிறுவனம், பல கடைப் பெயர்கள்: வீட்டுப் பொருள் விற்பனையாளர்கள் வாடிக்கையாளர்களை எந்த அடிப்படையில் பிரிக்கிறார்கள்?

நெய்தல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சில்லறை வணிகம் குறித்துப் படித்து வருகிறேன். படுக்கை விரிப்பு, துண்டு, சமையல் பாத்திரம், நாற்காலி, அலமாரி முதலியவற்றை விற்கும் பெரிய நிறுவனங்கள் யாரை மனத்தில் வைத்துத் தங்கள் கடைகளை அமைக்கின்றன என்பதில் எனக்குத் தெளிவு வேண்டும். நான் படித்த பாடங்கள் மலிவு, நடுத்தரம், உயர்தரம் என்று மூன்று படிகளைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் அமெரிக்காவின் வில்லியம்ஸ்-சோனோமா நிறுவனம் தன் பெயரிலேயே சமையலறைப் பொருட்களை விற்பதோடு, பாட்டரி பார்ன், வெஸ்ட் எல்ம் என்று வேறு பெயர்களிலும் கடைகள் நடத்துகிறது. இவற்றின் விலைகளோ பல பொருட்களில் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. வருமானம்தான் அளவுகோல் என்றால் இத்தனை பெயர்களுக்குத் தேவை என்ன? இதற்குப் பின்னால் உண்மையான காரணம் இருக்கிறதா, அல்லது இது வெறும் விளம்பர உத்தியா?

தறிநூல்

நல்ல கேள்வி, நெய்தல். வருமானம் ஓர் அளவுகோல்தான். ஆனால் அது முதன்மையானதன்று என்பது என் கருத்து. நீங்கள் குறிப்பிட்ட நிறுவனத்தின் வரலாறே இதைக் காட்டுகிறது. 1956-இல் சமையல் பாத்திரக் கடையாகத் தொடங்கிய அது, 1986-இல் பாட்டரி பார்னை வாங்கியது. 1999-இல் குழந்தைகளின் அறைக்கென்று பாட்டரி பார்ன் கிட்ஸ், 2003-இல் பதின்வயதினருக்கென்று மற்றொரு பிரிவு, இடையில் 2002-இல் நவீன வடிவமைப்பை விரும்புவோருக்காக வெஸ்ட் எல்ம் என்று கிளை விரித்தது. முதல் வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர், குழந்தை பிறக்கவிருக்கும் தம்பதியர், விருந்தினரை அழைத்துச் சமைத்துப் பரிமாறுவதில் மகிழ்ச்சி காண்பவர் ஆகியோரின் வருமானம் ஒன்றாகவே இருக்கலாம். ஏன், மூவரும் ஒரே மனிதராகவே, வாழ்க்கையின் வெவ்வேறு கட்டங்களில் இருக்கலாம். அந்தந்தக் கட்டத்தில் அவர் மனத்தில் இருக்கும் வீடு வேறு. ஒரே கடைக்குள் தொட்டிலையும் விருந்து மேசையையும் அடுக்கினால் இரண்டுக்குமே உரிய சூழல் கெட்டுவிடும். இத்தனை பெயர்களுக்கும் சேர்த்து ஒரே வெகுமதித் திட்டத்தை அந்நிறுவனம் நடத்துகிறது என்பதையும் கவனியுங்கள். ஒருவரே பல கடைகளுக்கும் வர வேண்டும் என்பதே அதன் எதிர்பார்ப்பு.

நான் இன்னும் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. ஒரு கடை யாருக்கானது என்பதை, அது வாடிக்கையாளரிடம் பணத்தைத் தவிர வேறு என்ன கேட்கிறது என்பதைக் கொண்டு கண்டறியலாம். ஐக்கியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1943-இல் சுவீடனில் இங்வர் காம்பிராத் தொடங்கிய அந்நிறுவனம், 1956 முதல் அறைகலன்களைப் பகுதிகளாகப் பிரித்துத் தட்டையான அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. மேசையின் கால்களைக் கழற்றிவிட்டால் சேமிப்புக் கிடங்கிலும் லாரியிலும் இடம் மிச்சமாகிறது. போக்குவரத்தில் உடைவது குறைகிறது. பொருத்தும் கூலி விற்பவரின் கணக்கிலிருந்து நீங்குகிறது. விலையை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த விலைக்குள் அடங்கும்படி பொருளை வடிவமைப்பது அவர்களுடைய வழக்கம். இதற்கு ஈடாக வாடிக்கையாளர் தம் உழைப்பையும் ஒரு மாலைப் பொழுதையும் தருகிறார். உடல் வலுவும் நேரமும் உள்ள, கையிருப்பு குறைந்த இளைஞருக்கு இது நல்ல பேரம். மூட்டு வலியுள்ள முதியவருக்கோ, எவ்வளவு செல்வம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதே மேசை விலை உயர்ந்த பொருள்தான்.

கணக்கர்

தறிநூல் சொன்னதை ஒட்டி இன்னொரு வகைக் கடையைக் குறிப்பிட விரும்புகிறேன். டி.ஜே.எக்ஸ் குழுமத்தின் ஹோம்குட்ஸ் 1992-இல் தொடங்கியது. பிற கடைகள் எடுக்காமல் விட்ட சரக்கு, உற்பத்தியாளரிடம் மிகுந்துபோன சரக்கு போன்றவற்றைக் குறைந்த விலையில் மொத்தமாக வாங்கி விற்பது இதன் முறைகளில் ஒன்று. இங்கே வாடிக்கையாளர் விட்டுக்கொடுப்பது நிச்சயத்தை. நீல நிறத்தில் ஆறு கிண்ணங்கள் வேண்டும் என்று பட்டியல் எழுதிக்கொண்டு போகிறவர் ஏமாந்து திரும்புவார். என்ன கிடைக்கிறது பார்க்கலாம் என்று போகிறவருக்கு அது புதையல் வேட்டை. அதே நிறுவனம் 2021-இல் இணையக் கடையைத் திறந்து 2023-இல் மூடிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் சொந்த ஊகம்: கைவசம் சில உருப்படிகளே உள்ள பொருளுக்குப் படம் எடுத்து, விவரம் எழுதி, தனியாக அனுப்பும் செலவு கட்டுப்படியாகாது; தேடுபொறியில் சொல்லைத் தட்டித் தேடுகிறவர், அலமாரிகளுக்கிடையே உலவிப் பார்க்கும் மனநிலையில் இருப்பதும் இல்லை.

மலிவு என்ற ஒரே படியில் ஐக்கியாவையும் இதையும் பாடநூல் வைக்கும். இரண்டின் உள்ளமைப்பும் நேர் எதிரானவை. முன்னதில் எதுவும் தற்செயல் இல்லை. பின்னதில் தற்செயலே சரக்கு.

நெய்தல்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் ஒரு துணைக்கேள்வி. இப்படி ஒருவகை வாடிக்கையாளருக்கென்று தன்னை அமைத்துக்கொண்ட கடை, பிற்காலத்தில் வேறுவகை வாடிக்கையாளரை நோக்கி நகர முடியுமா?

மரச்சட்டம்

முடியும், ஆனால் பழையவர் எதற்காக வந்தார் என்பதைச் சரியாகக் கணித்திருக்க வேண்டும். இதற்கு பெட் பாத் அண்ட் பியாண்ட் நிறுவனத்தின் கதையை விரிவாகப் படிப்பது நல்லது. 1971-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் அடையாளம் இரண்டு: உச்சிவரை நெருக்கமாக அடுக்கப்பட்ட, பெயர்பெற்ற பிராண்டுகளின் பொருட்கள், அஞ்சலில் வரும் 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். திருமணப் பரிசுப் பட்டியல் தயாரிப்போரும், கல்லூரி விடுதிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் அங்கே சென்றதற்குக் காரணம், தெரிந்த பிராண்ட் எதுவானாலும் அங்கே இருக்கும் என்ற நம்பிக்கைதான். 2019-இல் அமெரிக்கப் பல்பொருள் கடைத்தொடரான டார்கெட் நிறுவனத்திலிருந்து வந்த புதிய தலைமை நிர்வாகி, கடைகள் நெரிசலாக இருக்கின்றன என்று கருதி அடுக்குகளைக் குறைத்தார்; 2021-இல் நிறுவனத்தின் சொந்த பிராண்டுகள் பலவற்றைக் கொண்டுவந்தார்; கூப்பன்களையும் குறைக்க முயன்றார். அறிந்த பெயர்களைத் தேடி வந்தவர்கள், அறியாத பெயர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். 2023 ஏப்ரலில் நிறுவனம் திவால் பாதுகாப்புக்கு விண்ணப்பித்தது. கடன் சுமை, தன் பங்குகளைத் தானே பெருந்தொகைக்குத் திரும்ப வாங்கியது, கொள்ளைநோய்க் காலச் சரக்குத் தட்டுப்பாடு ஆகியவையும் சேர்ந்தே அதை வீழ்த்தின என்பதால், எல்லாப் பழியையும் சொந்த பிராண்டுகளின் மீது சுமத்துவது நியாயமாகாது. ஆயினும் வெளியார் கண்ணுக்கு ஒழுங்கின்மையாகத் தெரிந்த நெரிசல், அங்கே வாங்குவோருக்கு நிறைவின் அடையாளமாக இருந்தது என்பதை நான் மறுக்க முடியாததாகக் கருதுகிறேன்.

தள்ளுபடியை விட்டு விலகுவதே தவறு என்று இதைப் படித்துவிடக் கூடாது. ஆர்.எச் என்று இன்று அழைக்கப்படும், உயர்விலை அறைகலன்களை விற்கும் ரெஸ்டோரேஷன் ஹார்டுவேர் 2016-இல், அடிக்கடி அறிவிக்கும் தள்ளுபடிகளைக் கைவிட்டு, ஆண்டுக்கு 100 டாலர் செலுத்தி உறுப்பினராவோருக்கு 25 சதவீதக் குறைப்பு என்ற முறைக்கு மாறியது. வீடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் பெருந்தொகைக்கு வாங்குகிறவர்களே அங்கு வருவதால், அந்தக் கட்டணம் அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரே ஒரு துண்டு வாங்க வருகிறவரிடம் அதே கட்டணத்தைக் கேட்டிருந்தால் வாசலிலேயே திரும்பியிருப்பார்.

நெய்தலின் முதல் கேள்வியில் இருந்த 'விளம்பர உத்தியா' என்ற ஐயத்துக்கும் ஒரு வரி. முஜி 1980-இல் ஜப்பானின் செய்யூ பல்பொருள் அங்காடியின் சொந்தச் சரக்காக 40 பொருட்களுடன் தொடங்கியபோது, மூலப்பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும் தயாரிப்பு முறையிலும் உறையிடுவதிலும் வீணானவற்றை நீக்கியே விலையைக் குறைத்தது. எளிமையை விரும்புவோருக்கான கடை என்ற பெயர், தொழிற்சாலையில் எடுத்த அந்த முடிவுகளிலிருந்தே வந்தது.

கணக்கர்

மரச்சட்டம் சொன்னதோடு ஒரு மாற்று எடுத்துக்காட்டையும் சேர்த்துப் பாருங்கள், நெய்தல். டார்கெட் 1999-இல் கட்டடக்கலைஞர் மைக்கேல் கிரேவ்ஸ் வடிவமைத்த கெண்டி, கடிகாரம் முதலிய வீட்டுப் பொருட்களைச் சாதாரண விலையில் விற்கத் தொடங்கி, பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தது. அழகை நாடும் புதியவர்கள் வந்தார்கள். அன்றாடப் பொருளுக்காக வந்த பழையவர்களின் சரக்கு அவர்களுக்குரிய வரிசையில் அப்படியே இருந்தது. உங்கள் ஆய்வில் டார்கெட்டையும் பெட் பாத் அண்ட் பியாண்டையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எந்த வாடிக்கையாளரின் எந்தப் பொருள் அலமாரியிலிருந்து நீங்கியது என்பதைத் தேதிவாரியாகக் குறித்துப் பாருங்கள். விலைப்பட்டியலைவிட அது உங்களுக்கு அதிகம் பயன்படும்.