உணவு அச்சிடும் இயந்திரம்: சத்தான சாப்பாடா, விலை உயர்ந்த வேடிக்கையா?

நளபாகம்:
சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கூ டெக் புவாட் மருத்துவமனையும் சேர்ந்து 2021இல் பட்டாணி, கேரட், பொக் சோய் கீரையை முப்பரிமாண அச்சில் எடுத்ததை இன்றும் புரட்சி என்கிறார்கள். அரைத்த கூழை ஊசி வழியாகப் பிழிந்தால் சத்து கூடிவிடுமா என்ன?

ஈஷூன்வாசி:
சத்து கூடாது, சரி. ஆனால் அது யாருக்காகச் செய்தது என்று பாருங்கள். பக்கவாதம் வந்து விழுங்க முடியாதவர்கள், முதியவர்கள். மூன்று வேளையும் என்னவென்றே தெரியாத கூழை நீட்டினால் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள், உடம்பு இளைக்கிறது. கண்ணுக்கு அழகாக இருந்தால் நாலு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார்கள் என்பதே நம்பிக்கை. முன்பு அச்சிடப் பெரும்பாலும் உலர்ந்த பொடிதான். இவர்கள் புதிய காய்களையும் உறையவைத்த காய்களையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

நளபாகம்:
கூடவே கெட்டிப்படுத்த கம், அதாவது உணவுக்கான பிசின் வகை, சேர்க்கிறார்களே அக்கா, அதையும் சொல்லுங்கள்.

ஈஷூன்வாசி:
சொல்கிறேன். பட்டாணிக்கு எதுவும் தேவைப்படவில்லை, அதிலுள்ள மாவுச்சத்தே போதும். கேரட்டுக்கு ஒரு வகை, பொக் சோய்க்கு இரண்டு வகை. கம் இல்லாவிட்டால் கூழிலிருந்து தண்ணீர் பிரிந்து வடியும். வடிவம் மட்டுமா கெடும்? விழுங்கச் சிரமப்படும் நோயாளிகளுக்கு வெறும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரைக்கும் கொண்டுபோய் விடும்.

தஞ்சைத்தம்பி:
குறுக்கே வருகிறேன். தஞ்சாவூர் உணவு பதனத் தொழில்நுட்பக் கழகத்தில் வீணாகும் உருளைக்கிழங்குத் தோலைக் கலந்து நூடுல்ஸ் அச்சிட்டார்கள். சுற்றுச்சூழல் என்று பேசினால் அந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

நளபாகம்:
தம்பி, தோலைப் பொடித்து மாவில் கலந்தபோதே வேலை முடிந்தது. பிழிவதற்கு இடியாப்ப உரல் போதும், மின்சாரமும் மிச்சம்! அக்கா சொல்லும் நோயாளிக்கும் சிலிகான் அச்சில் கூழை வார்த்தால் கேரட் வடிவம் வந்துவிடும். ஒரு வார்டு முழுவதற்கும் தட்டுத் தட்டாக அச்சிட்டு முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரமே போய்விடும்.

ஈஷூன்வாசி:
வேகம் குறைவுதான், மறுக்கவில்லை. அச்சில் வார்ப்பதும் பல மருத்துவமனைகளில் நடக்கிறது. ஆனால் ஒருவருக்குப் புரதம் கூட்டி, பக்கத்துக் கட்டிலுக்கு உப்பு குறைத்து, இன்னொருவருக்கு இன்னும் மென்மையாக என்று ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டுமானால்? எல்லாருக்கும் ஒரே அண்டாவில் கூழ் காய்ச்சும் சமையலறையில் அது நடக்காது. வீட்டுக்கு இந்த இயந்திரம் வேண்டாம் என்றால் நானும் உங்கள் கட்சிதான்.