மதுரையில் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் பைக் வைத்துச் சமாளிக்க முடியுமா?

உசிலை ரைடர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 31. உசிலம்பட்டியில் இருந்து மதுரைக்கு வேலைக்கு வந்து போகிறேன், ஒரு நாளைக்குச் சுமார் 80 கி.மீ. இப்போது இருப்பது ஒரு 350 சிசி வண்டி.

சென்னையில் ஒருவர் 2021 மாடல் டுகாட்டி பானிகாலே வி2 கொடுக்கிறார். 9,400 கி.மீ. ஓடியிருக்கிறது, ஒரே ஓனர், 12.5 லட்சம் சொல்கிறார். 2020-ல் இந்தியாவில் அறிமுகமானபோது ஷோரூம் விலையே 16.99 லட்சம். ஏழு வருடமாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது, கடன் வாங்கத் தேவையில்லை.

ஆசை வந்தது கோயம்புத்தூர் காரி ரேஸ் ட்ராக்கில். நண்பன் கூப்பிட்டான் என்று வேடிக்கை பார்க்கப் போனேன். பக்கத்தில் ஒருவர் அந்த வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி சூடேற்றிக்கொண்டிருந்தார். சத்தம் காதில் கேட்பதற்கு முன்பே நெஞ்சுக்கூட்டில் தெரிந்தது. அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை.

அப்பா, "அந்தக் காசுக்கு ரெண்டு சென்ட் இடம் வாங்கிப் போடுடா" என்கிறார். அதுவும் நியாயம்தான். நம்ம ஊர் வெயில், சர்வீஸ், தினசரி ஓட்டுவது, இந்த மூன்றைப் பற்றியும் அனுபவப்பட்டவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

வைகைப்பாலம்:

வேண்டாம் என்பது என் கருத்து. வண்டி விலையோடு செலவு முடியாது. இதுபோன்ற வண்டிகளுக்கு வரும் மென்மையான ரப்பர் (சாஃப்ட் காம்பவுண்ட்) பின் டயர் 5,000, 6,000 கி.மீ. தாண்டுவதே பெரிய விஷயம். நண்பர் ஒருவர் போன வருடம் ஜோடி மாற்றியதற்கு நாற்பதாயிரத்தை ஒட்டிக் கொடுத்தார். தினம் 80 கி.மீ. என்றால் வருடத்துக்கு எத்தனை ஜோடி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் தனி.

லேத்துப் பட்டறை:

தம்பி, நான் புதூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 2012 மாடல் டுகாட்டி 848 எவோ, 2017-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். இப்போது 31,000 கி.மீ. ஆகிறது. வாங்கு, வாங்காதே என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், நான் ஏன் இன்னும் விற்கவில்லை என்பது. காரணம் வேகம் இல்லை, அந்த என்ஜினின் தலைக்குள் இருக்கும் வேலை. என்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் வர, புகை வெளியே போகத் திறந்து மூடும் கதவுதான் வால்வு. சாதாரண வண்டியில் கேம் என்ற முட்டை வடிவச் சக்கரம் சுற்றி வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் மூடும். என்ஜின் ரொம்ப வேகமாகச் சுற்றும்போது ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாமல் வால்வு மிதக்கும், மூட வேண்டிய நேரத்தில் மூடாது. ஐம்பதுகளில் ஸ்பிரிங் கம்பியின் தரமும் இன்றைக்குப் போல் இல்லை, அடிக்கடி உடையும். டுகாட்டியில் இருந்த ஃபாபியோ தாலியோனி என்ற எஞ்சினியர் 1956-ல் ஒரு 125 சிசி ரேஸ் வண்டியில் மூடுவதற்கும் தனியாக ஒரு கேம், அது அசைக்கிற ராக்கர் என்ற ஒரு நெம்புகோல் வைத்தார். ஸ்பிரிங்கை நம்பும் வேலையே இல்லை. திறப்பதும் இரும்பு, மூடுவதும் இரும்பு. அதைத்தான் டெஸ்மோ என்கிறார்கள். முதல் பந்தயமே சுவீடனில், அதிலேயே ஜெயித்தது.

2018-ல் முதல் முறையாக என் வண்டியின் ஹெட் கவரைக் கழற்றிய நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெங்களூரில் இருந்து தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்திருந்தார். சிலிண்டருக்கு நாலு வால்வு, மொத்தம் எட்டு. ஒவ்வொன்றுக்கும் திறக்கும் பக்கம் ஒரு இடைவெளி, மூடும் பக்கம் ஒரு இடைவெளி. ஆக, டேப்பட் பார்ப்பது, அதாவது இந்த இடைவெளிகளை அளப்பது என்றால் பதினாறு இடத்தில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். இடைவெளியைச் சரியாக வைக்கும் சின்ன உலோகத் துண்டுதான் ஷிம். மூடும் பக்கத்து ஷிம்மைப் பிடித்து வைத்திருப்பவை வால்வுத் தண்டின் காடியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு சின்ன அரை வளையங்கள். நகம் வெட்டிப் போட்ட துண்டு மாதிரி இருக்கும். அதில் ஒன்று கை தவறி என்ஜினுக்குள் விழுந்தால் அன்றைய பிழைப்பு போச்சு. அதனால் ஹெட்டில் இருக்கும் ஓட்டை எல்லாவற்றிலும் பனியன் வேஸ்ட்டை அடைத்துவிட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, காந்தக் குச்சியால் அவற்றை எடுத்தோம்.

வண்டி ஓட ஓட வால்வு தான் உட்காரும் வளையத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும், தண்டு மேலே ஏறும். திறக்கும் பக்கம் இடைவெளி குறையும், மூடும் பக்கம் கூடும். குறைந்த பக்கத்து ஷிம்மை எமரியில் தேய்த்து மைக்ரோமீட்டரில் அளந்து சரிசெய்துவிடலாம். ஒரு ஷிம்மில் 0.03 மி.மீ. குறைக்க நான் முக்கால் மணி நேரம் தேய்த்தேன். கூடின பக்கத்துக்கு தடித்த ஷிம் வாங்கித்தான் ஆக வேண்டும். அதற்கு ஆர்டர் கொடுத்துவிட்டு ஐந்து வாரம் காத்திருந்தேன். அந்த ஐந்து வாரமும் வண்டி பட்டறை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. தினமும் காலையில் கடை திறந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

என் வண்டிக்கு இந்த வேலை 12,000 கி.மீ.க்கு ஒருமுறை. கேமைச் சுற்றுவது டைமிங் பெல்ட், அதற்கு ஓட்டம் மட்டுமில்லை, வயதும் கணக்கு. வண்டி சும்மா நின்றாலும் பெல்ட்டுக்கு வயதாகும். அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். நீ பார்க்கும் வி2-வில் பெல்ட் கிடையாது, செயின். டேப்பட் பார்ப்பதும் 24,000 கி.மீ.க்கு ஒருமுறைதான். அந்த வகையில் உனக்கு நிம்மதி அதிகம். ஆனால் நீ தினமும் 80 கி.மீ. ஓட்டினால் 24,000 என்பது ஒரு வருடம் சொச்சம்தான். அதற்குள் ஆயில், பிரேக் பேட், செயின் ஸ்பிராக்கெட் என்று வேறு வரும். மதுரையில் கம்பெனி ஷோரூம் இல்லை, சென்னை 460 கி.மீ. ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி, மறுபடி பஸ்ஸில் போய் எடுத்து வர வேண்டும். இரண்டு நாள் லீவு.

வெயிலைப் பற்றிக் கேட்டாய். 90 டிகிரி இரட்டை சிலிண்டரில் ஒன்று முன்னால் படுத்திருக்கும், அதற்குக் காற்று கிடைக்கும். இன்னொன்று சீட்டுக்கு முன்னால், உன் இரண்டு தொடைக்கும் நடுவில். அந்த அமைப்பில் இது இருந்தே தீரும், எந்த கம்பெனி செய்தாலும். மே மாதம் மதியம் கோரிப்பாளையம் சிக்னலில் இரண்டு சுற்று நின்று பார். டெம்பரேச்சர் 100-ஐத் தாண்டும், ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும், அந்த அனல் அப்படியே கால் மேல் வரும். தொடை உள்பக்கம் சிவந்து போய் இரவில் சோற்றுக் கற்றாழை தடவியிருக்கிறேன். சித்திரைத் திருவிழா முடியும் வரை வண்டியை வெளியே எடுப்பதே இல்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நாலரைக்குக் கிளம்பி திண்டுக்கல் போய் சிறுமலை ஏறுவேன். 18 கொண்டை ஊசி வளைவு. கீழே சூடு, ஏழெட்டு வளைவு தாண்டினால் ஹெல்மெட்டுக்குள் ஈரக் காற்று வரும். இந்த என்ஜின் ஒரே சீராக அடிக்காது. முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவில் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) 270 டிகிரி சுற்றும், அடுத்ததற்கு 450 டிகிரி. அந்தப் பெரிய இடைவெளியில்தான் பின் டயர் மூச்சு வாங்கிக்கொள்கிறது என்பார்கள். வளைவின் பாதியில் ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் திறக்கும்போது டயர் ரோட்டைப் பிடித்துத் தள்ளுவது இடுப்பில் தெரியும். நாலு சிலிண்டர் ஜப்பான் வண்டியும் ஓட்டியிருக்கிறேன், அது வழுவழுவென்று போகும், குறையே சொல்ல முடியாது. ஆனால் ரோடு என்ன சொல்கிறது என்பதை அது எனக்கு இந்த அளவுக்குச் சொன்னதில்லை. மேலே போய் நிறுத்தி டீ குடிக்கும்போது என்ஜின் ஆறுகிற டிக் டிக் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன்.

கடைசியாக ஒன்று, இது முழுக்க என் தவறு. கொரோனா சமயத்தில் நாலு மாதம் வண்டியைப் பட்டறையில் அப்படியே போட்டுவிட்டேன். பக்கத்தில் தவிட்டு மூட்டை. எலி ஃபேன் வயரைக் கடித்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. நத்தம் ரோட்டில் போகும்போது டெம்பரேச்சர் ஏறிக்கொண்டே போனது, ஃபேன் சத்தமே இல்லை. ஓரமாக நிறுத்தி, குட்டியானை வரவழைத்து, கயிறு கட்டி ஏற்றி வந்தேன். வயர் ஒன்றரை அடிதான். கழற்றி மாட்ட ஃபேரிங், டாங்க் எல்லாம் இறக்கி முழு நாள் ஆனது. இப்போது தவிட்டு மூட்டை கிடையாது, வாரம் ஒருமுறை கவரைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான். 350-ஐ விற்றுவிட்டு இதை வாங்குவதாக இருந்தால் வேண்டாம். அதை வைத்துக்கொண்டு, மழையும் எலியும் வராத ஒரு இடம் இருந்து, வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தனியாக எடுத்து வைக்க முடிந்தால் வாங்கு. இடம் வாங்கச் சொன்ன அப்பாவிடம் இதை மறைத்துச் செய்யாதே.

திருநகர் 457:

அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு நானும் எழுதலாம் என்று தோன்றியது. என்னிடம் ஏப்ரிலியா ஆர்எஸ் 457. பெயர் இத்தாலி, தயாராவது மகாராஷ்டிராவில் பாராமதி. 2023 டிசம்பரில் வந்தபோது 4.10 லட்சம். 47 குதிரைத்திறன், 175 கிலோ. இதிலும் கிராங்க் 270 டிகிரிதான், அதனால் சத்தத்தில் அந்த விட்டு விட்டு அடிக்கும் துடிப்பு இருக்கிறது. நான் கல்லூரிக்கு தினமும் எடுத்துப் போகிறேன், போடிமெட்டும் ஏறியிருக்கிறேன். டவுனில் சூடு தெரியும், ஆனால் தாங்கக்கூடிய அளவுதான்.

வி2-வின் 155 குதிரைத்திறனுக்கு நம்ம ரோட்டில் எங்கே இடம் இருக்கிறது என்றும் யோசியுங்கள். அதில் முதல் கியரிலேயே நூறைத் தாண்டிவிடலாம். செக்கானூரணி பக்கம் வெள்ளை அடிக்காத வேகத்தடை எத்தனை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததா? ஒருமுறை ஒரு 457 எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறமும் தூக்கம் வரவில்லை என்றால் பெரியதற்குப் போங்கள்.

உசிலை ரைடர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்பாவிடம் இந்தப் பதில்களை வாசித்துக் காட்டினேன். எலி வயரைக் கடித்த இடத்தில், "பருத்திக் கொட்டை மூட்டையைத் தள்ளி வைக்கணும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. 350-ஐ விற்கப் போவதில்லை. சென்னைக்காரரிடம் ஒரு மாதம் டைம் கேட்டிருக்கிறேன்.

லேத்துப் பட்டறை அண்ணே, ஒரு சந்தேகம். என் உயரம் 5 அடி 5 அங்குலம். வி2-வின் சீட் 840 மி.மீ. என்று போட்டிருக்கிறது. கால் எட்டுமா?

லேத்துப் பட்டறை:

விரல் நுனி ஊன்றும், குதிகால் ஊன்றாது. 200 கிலோ வண்டி, சரிவில் நிறுத்தினால்தான் ஆபத்து. நான் வாங்கின முதல் மாதமே பெட்ரோல் பங்கில் இடது பக்கம் சாய்த்து கிளட்ச் லீவரை உடைத்திருக்கிறேன், எனக்கு உயரம் 5 அடி 9.

படித்துத் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை இது. வர்ற ஞாயிறு காலை ஐந்து மணிக்குப் பட்டறைக்கு வா. என் வண்டியில் உட்கார்ந்து பார், தள்ளிப் பார், சைடு ஸ்டாண்டில் இருந்து நிமிர்த்திப் பார். அப்புறம் நத்தம் பாலம் வரை நான் ஓட்டுகிறேன், நீ உன் 350-இல் பின்னால் வா, சத்தத்தைக் கேள். ஷூ போட்டுக்கொண்டு வா, செருப்போடு வராதே. அப்பாவுக்கும் தோதுப்பட்டால் கூட்டிக்கொண்டு வா.