வெட்டு வைத்தும் ஏமாந்தோம்

கோபி பக்கம் எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி. ராத்திரி பங்காளி ஒருவரின் தோட்டத்துச் சாளையில் மூணு சீட்டு (ஆளுக்கு மூன்று சீட்டு போட்டுக் காசு வைத்து ஆடுவது) ஆடினோம். ஆறு பேரில் ஒருவர் மட்டும் வெளியாள், என் மாமன் முறை ஒருத்தர் கூட்டி வந்தவர். பேச்சில் அவ்வளவு மரியாதை. என் மடியில் மஞ்சள் விற்ற காசு.

அந்த வெளியாளுக்கு மூன்று தடவை மூன்று சீட்டும் ஒரே எண்ணாக விழுந்தன. 52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 வழி. அதில் 52 தான் அப்படி அமையும். அதாவது 425 ஆட்டத்துக்கு ஒரு முறை. இவருக்கோ ஒரே ராத்திரியில் மூன்று, அதுவும் அவர் கையால் சீட்டுப் போட்டபோது மட்டும். இந்தக் கணக்கெல்லாம் பின்னாடி போட்டது. அப்போது அவருக்கு ராசியான கை என்றே நினைத்தேன்.

ஆடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பாதான் காதோடு சொன்னார்: "சத்தத்தைக் கேளு கண்ணு."

கேட்டேன். ஐந்து பேருக்கும் சர், சர் என்று ஒரே சீராக விழும் சீட்டு, அவர் முறை வரும்போது மட்டும் லேசாக உரசிக்கொண்டு வந்தது. தனக்கு மட்டும் அடியிலிருந்து உருவிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து சீட்டை வாரும்போதே வேண்டிய மூன்றையும் அடியில் சேர்த்துவிடுவார். கலைக்கும்போது மேல்பாதிதான் கலையும், அடிக்கொத்து அசையாது.

சரி, வெட்டு வைத்தோமே, கலைத்த கட்டை இன்னொருவர் இரண்டாகப் பிரித்து அடிப்பாதியை மேலே வைப்பது? அதற்கும் வழி வைத்திருந்தார். அடிச்சீட்டின் மூலையைக் கொஞ்சம் வளைத்துவிட்டால், வெட்டிய பிறகு கட்டின் நடுவில் மயிரிழை இடைவெளி தெரியும். கட்டைக் கையில் எடுக்கிற சாக்கில் அந்த இடத்திலேயே பிரித்துப் பழையபடி மாற்றிவிடுவார். பிடியையும் பார்த்தேன்: ஆள்காட்டி விரல் கட்டின் முன்விளிம்பை மறைத்தபடியே இருந்தது.

சித்தப்பா சண்டைக்குப் போகவில்லை. "வெட்டுனதுக்கப்புறம் அடியில ஒரு ஜோக்கரை மல்லாக்க வெச்சுப் போடுங்க, எங்க வழக்கம்" என்றார். அடியிலிருந்து உருவினால் முதலில் ஜோக்கர்தானே வரும்! அதன்பின் அவருக்கு ஒரு ஜோடிகூட விழவில்லை. இரண்டு சுற்றில், "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று எழுந்துகொண்டார்.

போனது 18,000 ரூபாய். அதைவிட மாமனை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. தெரிந்தே கூட்டி வந்தாரா என்று இதுவரை வாய்விட்டுக் கேட்கவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.